வந்த வழியே திரும்பும் ஒளி

விளக்கில்லாத சாலையில் இரவில் நடப்பவர் வெள்ளைச் சட்டை அணிந்தால் போதாதா, ரிஃப்ளெக்டர் பட்டை எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி என்று கொண்டால் அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையிலும் நிற்க மேலும் ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். ஆக, ஏறத்தாழ 70 மீட்டர் தொலைவிலேயே ஆள் கண்ணில் பட்டாக வேண்டும். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், ஓட்டுநரின் கண்ணுக்குப் போய்ச் சேர்வது அதில் மிகச் சிறிய பங்குதான்.

ரிஃப்ளெக்டர் பட்டையோ அந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதன் சாம்பல் நிறப் பரப்பில், முடியின் தடிமனே உள்ள கண்ணாடி மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. அவற்றின் பின்புறம் அலுமினியப் பூச்சு இருக்கிறது. மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து குவிகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். அது 1.5 உள்ள சாதாரணக் கண்ணாடியில், ஒளி குவியும் புள்ளியான குவியம் மணிக்கு வெளியே, பின்னால் தள்ளி விழும். அந்த எண்ணை 1.9 அளவுக்கு உயர்த்தினால், குவியம் ஏறக்குறைய மணியின் பின்சுவரிலேயே அமைகிறது. அங்கே பட்டுத் திரும்பும் கதிர், நுழைந்தபோது வளைந்தது போலவே வெளியேறும்போதும் வளைந்து, வந்த திசைக்கு இணையாகவே புறப்படுகிறது. மணி உருண்டை என்பதால் பட்டை சற்றுச் சாய்ந்திருந்தாலும் இது மாறுவதில்லை. எனக்குப் பள்ளி ஒளியியலில் இதைவிட அழகான பயன்பாடு தெரியாது. மணிகளின் முகம் திறந்திருக்கும் பட்டை மழையில் மங்குவதற்கும் இதே கணக்குதான் காரணம்: மேலே படியும் நீர்ப்படலம் விலகலைக் குறைத்து, குவியத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

திரும்பும் ஒளி குறுகிய கூம்பாக வருவதால், முகப்பு விளக்குக்கு அருகிலுள்ள ஓட்டுநரின் கண்ணுக்கே அது பளிச்சிடும். இருட்டறையின் மறுகோடியில் பட்டையைத் தொங்கவிட்டு, கைப்பேசி விளக்கை நெற்றிப்பொட்டருகே பிடித்துப் பாருங்கள்; பட்டை பளிச்சிடும். பிறகு விளக்கைப் பிடித்த கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பட்டை மங்கிப்போகும். சாலையில் உடன் நடப்பவருக்குப் பட்டை மங்கலாகத் தெரிவதை வைத்து அது பயனற்றது என்று முடிவு செய்வது தவறு. அதைவிட ஆபத்தானது, காரின் விளக்கு நமக்கு நன்றாகத் தெரிவதால் ஓட்டுநருக்கும் நாம் தெரிவோம் என்ற நம்பிக்கை.

பட்டையை எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். சுவீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டில் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரிய நடந்தவரைப் பார்த்தவர்கள் அது மனிதர் என்று நொடிக்குள் அறிந்தனர். அசையாதபோது அதே புள்ளிகள் பொருளற்றுத் தெரிந்தன. மார்பில் மின்னும் பட்டை ஓட்டுநருக்கு ஏதோ ஒரு கம்பமாகவும் தோன்றலாம். கணுக்காலிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் மின்னுவது நடக்கும் ஆள் என்பதில் ஐயமிராது. இவ்வளவு தெரிந்த பிறகும் பாதுகாப்பு அங்கி என்றால் மேல்சட்டை மட்டுமே என்று பலர் கருதுவது எனக்கு வியப்பளிக்கிறது. அந்தச் சட்டையின் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம் பகலுக்கானது. அது ஒளிரத் தேவையான புற ஊதாக் கதிர் முகப்பு விளக்கில் அநேகமாக இல்லை. கணுக்காலில் கட்டும் பட்டை காலை முழுதாகச் சுற்றியிருந்தால், முன்னாலிருந்து வரும் வண்டிக்கும் பின்னாலிருந்து வரும் வண்டிக்கும் அது தெரியும்.