மொபெட்தானே, பக்கத்துத் தெருதானே: இருசக்கர வாகன விபத்தில் காயத்தைத் தீர்மானிப்பவை

40 கி.மீ. வேகத்தில் ஓடும் மொபெட்டில் உட்கார்ந்திருப்பவரின் உடலும் அதே 40-ல்தான் போய்க்கொண்டிருக்கிறது. மோதியதும் வண்டி நின்றுவிடும், உடல் நிற்காது. எதன் மேலாவது பட்டுத்தான் நிற்கும். எதன் மேல் படுகிறது, உடலின் எந்தப் பாகம் படுகிறது, எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது ஆகிய மூன்றும்தான் சிராய்ப்போடு போகுமா, ஐசியூ வரை போகுமா என்பதை முடிவு செய்கின்றன. வண்டி 100 சிசியா, 350 சிசியா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

மணிக்கு 40 கி.மீ. என்பது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம். 60 கி.மீ. என்றால் 14 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. உடல் சுமக்கும் ஆற்றலோ இரண்டேகால் மடங்காகிறது. ஆனாலும் 60-ல் வழுக்கி விழுந்தவர், எதிரே தடை ஏதும் இல்லாவிட்டால், எழுந்து உட்காருவதுண்டு. இருபது மீட்டருக்கு மேல் சறுக்கும்போது அந்த ஆற்றல் உராய்விலேயே கரைந்துவிடுகிறது. தோல் உரியும், எலும்பு தப்பலாம். இருட்டில் விளக்கில்லாமல் நிறுத்திய லாரியின் பின்னால் 40-ல் மோதுபவருக்கு அந்த இருபது மீட்டர் கிடைக்காது. லாரித் தளத்தின் விளிம்பு நேராக மார்பு, முக உயரத்தில் இருக்கிறது. மின்கம்பமும் சென்டர் மீடியனும் இதே ரகம்.

தலைக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. தலை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தார்ச்சாலையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தலை என்றால் நிற்பதற்குக் கிடைப்பது சில மில்லிமீட்டர். 3 மி.மீ. என்று கொண்டால் புவியீர்ப்பைப் போல 800 மடங்குக்கு மேல் அடி விழுகிறது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் 25 மி.மீ. நசுங்கிக் கொடுத்தால் அதே அடி 100 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். வெளி ஓடு அடியைப் பரப்பி விடுகிறது. உண்மையான வேலையைச் செய்வது தெர்மோகோல்தான். ஒருமுறை நசுங்கியது திரும்ப உப்பாது. அதனால் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும், தூக்கிப்போட வேண்டியதுதான். சாலையோரத்தில் விற்கும் தொப்பி மாதிரியான சிலவற்றில் தெர்மோகோலே இருக்காது, வெறும் ஸ்பான்ஜ் மட்டும். அழுத்தினால் விரல் வெளி ஓடு வரை போய்விடும் ஸ்பான்ஜ், போலீஸ் மடக்கும்போது உதவும்; மோதலில் உதவாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வுரை, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டது. வார் கட்டியிருந்தால்தான் இதெல்லாம். வாரை மாட்டிவிட்டு, பின்மண்டையிலிருந்து ஹெல்மெட்டை மேல்நோக்கி முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் சாலையிலும் கழலும். முகம் மூடாத ஹெல்மெட்டில் தாடை முழுக்கத் திறந்தே கிடக்கும். விழும்போது தாடையும் தரையில் படும்.

மொபெட்டுக்கு வருவோம். மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் முன்பக்கத் தட்டில் ஏறுகின்றன. பாரம் கூடக் கூட, பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீள்கிறது. மோதினால் ஓட்டுபவரின் வயிறு ஹேண்டில்பாரின் முனையில் போய் இடிக்கிறது. வெளியே சின்னச் சிவப்புத் தடம். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து ரத்தம் சேரலாம். கால்களுக்கோ பெரும்பாலும் மறைப்பு கிடையாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் சதையே இல்லை, தோல் மட்டும்தான். அதனால் அங்கே உடையும் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது சாதாரணம். கிருமித் தொற்றும் கூடவே வரும்.

பின்னால் ஒருபக்கமாக உட்காருபவருக்கு இரண்டு கால்களும் ஒரே பக்கம். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டால் பிடிமானம் போய்ப் பின்னோக்கி விழுவார், பின்மண்டை முதலில் தரையில் படும். மத்திய மோட்டார் வாகன விதி 123 கைப்பிடியையும் கால்வைக்கும் தட்டையும் சேலைக் காப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அழகுக்காகச் சேலைக் காப்பைக் கழற்றிவிடும் வண்டிகளில் முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொள்ள வழி திறக்கிறது.

ஒரே அடி எல்லோருக்கும் ஒரே காயத்தைத் தருவதில்லை. வயதானவரின் விலா எலும்பு எளிதில் நொறுங்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மூளையில் சின்னக் கசிவும் பெரிதாகிவிடும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து தண்ணீர் கேட்டு, நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மயங்கிவிடுவதும் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேரும்போது இப்படி ஆகும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, ஒரு கண்மணி மட்டும் விரிவது: இதில் எது தெரிந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். 108 வரும்வரை, மூச்சுவிடத் தடையில்லாதபோது ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாரை அவிழ்த்து, பக்கங்களை விரித்து, நேராக உருவ வேண்டும்.