“ஆன்லைன்தானே, மாத்திடலாம்”

போன வாரம் ஒரு செய்தி ஏஜென்சி அனுப்பிய செய்தியில் 340 மில்லியன் டாலர் என்று இருந்தது. எங்கள் செய்தித் தளத்தின் டெஸ்க்கில், அதாவது செய்தியை எழுதித் திருத்தி வெளியிடும் பிரிவில், அது 340 கோடி டாலர் ஆகிவிட்டது, அதுவும் தலைப்பிலேயே. மில்லியன் என்றால் 10 லட்சம். சரியான கணக்கு 34 கோடி. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. சுட்டிக்காட்டியதும் வந்த பதில்: “ஆன்லைன்தானே சார், மாத்திடலாம்.”

எதை மாற்றுவீர்கள்? பக்கத்தில் இருக்கும் எண்ணை மாற்றலாம். ஏற்கெனவே போன நோட்டிஃபிகேஷனை மாற்ற முடியுமா? அதைப் பார்த்தவர்களில் பலர் செய்தியைத் திறக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அந்த 340 கோடிதான் செய்தி. ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் சுற்றும். நம்மைப் பார்த்து எழுதும் நாலு தளங்கள் அதே தவறை வரிமாறாமல் எடுத்திருக்கும். நாளை இன்னொரு நிருபர் தேடும்போது அந்த நாலு இடங்களிலும் 340 கோடி இருக்கும், திருத்திய நம் ஒரு பக்கத்தில் மட்டும் 34 கோடி. அவர் எதை நம்புவார்? 2008 ஆகஸ்டில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அஞ்சலிக் கட்டுரையைத் தவறுதலாக வெளியிட்டது. உடனே நீக்கியும் பயனில்லை, அதற்குள் பிரதி எடுத்துவிட்டார்கள். அவர் காலமானது 2011 அக்டோபரில்.

அச்சுப் பத்திரிகைக்காரர்கள் மறுநாள் திருத்தம் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டார்கள். நாம் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறோம். தவறு நேர்ந்தால் என்ன தவறு, எப்போது திருத்தினோம் என்று செய்தியின் அடியில் எழுதுங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

எண்ணாவது போகட்டும். கைதானவரை ‘குற்றவாளி’ என்று எழுதுகிறோம். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ தலைப்பில் அடங்காதாம். அப்படியானால் ‘கைதானவர்’ என்று எழுதுங்கள், அது இன்னும் சின்னச் சொல். இரண்டு பேர் போட்ட பதிவு ‘நெட்டிசன்கள் கொந்தளிப்பு’ ஆகிறது. வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 ஆனால் ‘1 சதவீதம் உயர்வு’ என்கிறோம். அது 1 சதவீதப் புள்ளி, உயர்வு 25 சதவீதம். இவையெல்லாம் தாண்டிப் போக, ‘ஒரு’வா ‘ஓர்’ஆ என்று அரை மணி நேரம் சண்டை நடக்கும். (நானும் அந்தச் சண்டையில் இருப்பேன், ஒப்புக்கொள்கிறேன்.)

“தகவல் வெளியாகியுள்ளது” என்ற வரியைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். யார் சொன்னது? பதில் இல்லையென்றால் அந்த வரி வேண்டாம். மொழிபெயர்ப்புக் கருவி தந்ததை மூலத்தோடு ஒப்பிடாமல் ஏற்றாதீர்கள். எழுதியவரே வெளியிடும் வழக்கத்தையும் விடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். பெயர், எண், தேதி மூன்றை மட்டும் பார்த்தால்கூடப் போதும், இரண்டு நிமிடம்தான்.

அந்த 340 கோடியை இன்று காலை தேடிப் பார்த்தேன். மூன்று தளங்களில் இன்னும் இருக்கிறது. ஒன்றில் ஆதாரமாக நம் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.