"எனக்கு மன்னிப்பே இல்லையா, டாக்டர்?": நியாயத்தீர்ப்புப் பயம் நோயாகும்போது

திருநெல்வேலிப் பக்கம் மனநல மருத்துவராக இருக்கும் என்னிடம், கன்வென்ஷன் எனப்படும் கிறிஸ்தவப் பிரசங்கக் கூட்டங்கள் முடிந்த வாரங்களில், நரகத்துக்குத் தீர்க்கப்பட்டுவிட்டதாக உறுதியாக நம்பிக்கொண்டு சிலர் வருவதுண்டு. அவர்களுள் ஒருவர் நாற்பதைக் கடந்த ஆசிரியை (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். 'இரட்சிக்கப்பட்ட நாள்' என்ற தலைப்பின்கீழ்ப் பதினொரு தேதிகள்; பத்து அடிக்கப்பட்டிருந்தன. பிரசங்கியார் அழைப்புக் கொடுக்கும்போதெல்லாம் கையை உயர்த்தி, முன்னே போய் முழங்காற்படியிட்டு ஜெபிப்பார்; வீடு வந்து சேருவதற்குள் 'முழு மனதோடுதான் ஜெபித்தேனா?' என்ற சந்தேகம் எழும்பிவிடும், தேதியை அடித்துவிடுவார். ஜெபத்தின் நடுவே பரிசுத்த ஆவியைத் தூஷிக்கும் சொற்கள் தாமாகவே மனத்தில் வந்து விழுந்ததால், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நம்பி, ஓராண்டுக்கும் மேலாக, ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன்பே கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

நியாயத்தீர்ப்பு உண்டென்று விசுவாசப்பிரமாணத்தில் அறிக்கையிடுகிறவர்களில் நானும் ஒருவன். அதைக் கழற்றி வைத்துவிட்டு வைத்தியம் பார்ப்பதில்லை. நியாயந்தீர்க்க வருகிறவரே "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்றும் சொன்னார் என்பது அதே விசுவாசத்தின் மறுபாதி. பாவ உணர்வு என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டும்: இன்னாரை ஏமாற்றினேன், இன்ன பொய்யைச் சொன்னேன் என்று. அறிக்கையிட்டு, கெடுத்ததைச் சரிசெய்தபின் மனம் ஆறும். நோயோ, மன்னிப்புக் கிடைத்ததாக உணர்ந்த ஒரு மணி நேரத்துக்குள், கிடைத்தது மெய்தானா என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய், அவரவர் எதை உயிராக மதிக்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் பக்தியுள்ளவரை அது தூஷண எண்ணத்தால் வதைப்பதில் வியப்பில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தை அந்த ஆசிரியை, பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பே இல்லை என்று எச்சரிக்கும் 29-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவார். இயேசு பெயெல்செபூலைக் கொண்டிருக்கிறான், பிசாசுகளின் தலைவனாலே பிசாசுகளைத் துரத்துகிறான் என்று வேதபாரகர் குற்றஞ்சாட்டியதே அந்த எச்சரிக்கைக்குக் காரணம் என்பதை 30-ஆம் வசனம் சொல்கிறது. கண்ணெதிரே நடந்த நன்மையைப் பிசாசின் வேலை என்று வாயாரச் சொன்னவர்களுக்கும், வேண்டாத எண்ணம் வந்துவிட்டதே என்று நடுங்கி அழுகிறவருக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது.

விளக்கம் மட்டுமே போதுமானால் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கௌப்பர் இந்தப் பயத்திலிருந்து மீண்டிருப்பார். கிறிஸ்துவின் இரத்தம் எல்லாப் பாவத்தையும் கழுவும் என்று இன்றுவரை சபைகள் பாடும் பாட்டை எழுதியவர் அவர். அருகிலேயே ஜான் நியூட்டன் போன்ற போதகர் இருந்தார். எனினும் 1773-இல் தாம் கைவிடப்பட்டவர் என்று அறிவிக்கும் கனவொன்றைக் கண்டபின், 1800-இல் இறக்கும்வரை, இரட்சிப்பு மற்றவர்க்கு உண்டு, தமக்கு மட்டும் இல்லை என்றே நம்பினார். அவர் காலத்தில் இதற்கு மருந்தில்லை.

இன்று இருக்கிறது. ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் இந்நோய்க்குப் பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் மாறவில்லை' என்று நிறுத்துவது பெரிய இழப்பு. கூடவே, பயத்தைத் தணிக்கச் செய்யும் மறுஜெபம், மறுவிசாரணை ஆகியவற்றைப் படிப்படியாகத் தவிர்த்து, அந்தப் பயத்தோடு இருந்து பழகும் பயிற்சியும் வேண்டும். மனச்சோர்வும் சேர்ந்து, 'எப்படியும் நரகந்தானே' என்று ஒருவர் உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் காத்திருக்காதீர்கள்; அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

போதகர்கள் மனமிரங்கி, 'நீ இரட்சிக்கப்பட்டிருக்கிறாய், பயப்படாதே' என்று தினமும் தேற்றுவதும் இந்நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. பயம் அரை நாள் அடங்கி, அடுத்த தேறுதலைக் கேட்கும். இதை அவர்களிடம் சொல்வதுதான் எனக்கு எப்போதும் கடினம். ஆசிரியையின் சபைப் போதகரான ஐயரிடம், அந்த அம்மா அந்தக் கேள்வியோடு வரும்போது, "அதைத்தான் போன வாரமே பேசிவிட்டோமே அம்மா" என்று மட்டும் சொல்லும்படி, ஆசிரியையின் சம்மதத்தோடே கேட்டுக்கொண்டேன். கல்நெஞ்சனாகிவிட்டதுபோல் இருக்கிறது என்று ஐயர் என்னிடம் வருந்தினார்.

ஐந்தாம் மாதம் அந்த அம்மா திருவிருந்துக்கு முன்னே போய் முழங்காற்படியிட்டார். அப்போதும் அந்தச் சொற்கள் மனத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தனவாம். கையை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டார்.