நாஸ்டால்ஜியா: சொல்லுக்குள் ஒரு வலி

தேன்மிட்டாய் படத்தைப் போட்டு 'செம நாஸ்டால்ஜியா' என்று எழுதுகிறோம். பிறந்தபோது இது ஒரு நோயின் பெயர். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. ஊரை விட்டு வந்தவர்கள் சோறு தண்ணீர் இறங்காமல் மெலிந்துபோவதை ஜெர்மன் பேசுகிறவர்கள் 'ஹைம்வே' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஹோஃபர் கிரேக்கத்தில் பெயர் வைத்தார். நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், ஆல்கோஸ் என்றால் வலி. அவர் சொன்ன மருந்து? ஊருக்கே அனுப்பிவைப்பது!

வினை முடித்து, தேரை விரைந்து ஓட்டச் சொல்லும் நம் முல்லைத் தலைவனுக்கு நோஸ்டோஸ் நன்றாகவே புரிந்திருக்கும். போய்ச் சேர்ந்தும் தீராத வலிதான் சிக்கல்.

ஆகா ஷாஹித் அலியை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீநகரில் வளர்ந்து, 1976-இல் அமெரிக்கா போய், 2001-இல் அங்கேயே இறந்த கவிஞர். 1987-இல் வந்த தொகுப்பில் ஒரு சின்னக் கவிதை: காஷ்மீரிலிருந்து தபால் அட்டை ஒன்று வருகிறது. அவருடைய வீடு இப்போது நாலுக்கு ஆறு அங்குலம். கையில் இருக்கும் இமயமலை அரை அங்குலம். திரும்பிப் போனாலும் ஜீலம் நதி இந்த அட்டையில் உள்ளதுபோல் அத்தனை நீலமாக இருக்காது என்று அவருக்கே தெரிகிறது. கடைசியில் நினைவு என்பது கழுவப்படாத நெகட்டிவாக, கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் மங்கலாக நிற்கிறது. மருத்துவர் சொன்ன மருந்து இவரிடம் பலிக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பழமையேக்கம்' என்றால் காலம் மட்டும் வருகிறது, ஊர் வருவதில்லை. 'வீட்டு நினைவு' என்பதில் வலியே இல்லை. 'மீளேக்கம்' கிரேக்கத்துக்கு நெருக்கம்தான். ஆனால் மீள்பதிவு, மீள்பார்வை என்று பழகிய காதுக்கு, இரண்டாம் முறை ஏங்குவதுபோல் கேட்கும். என் கணக்கில், ஹோஃபர் கண்ட நோய்க்கு 'ஊரேக்கம்', தேன்மிட்டாய்க்கு 'நினைவேக்கம்'.

ஷாஹித்தின் 1991 தொகுப்புத் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது: 'A Nostalgist's Map of America'. 'நினைவேக்கக்காரனின் அமெரிக்க வரைபடம்' என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'ஏக்கக்காரன் வரைந்த அமெரிக்கா' என்றால் சொல்லிப்பார்க்க வருகிறது.