காதை நனைத்தால் கால் மேலே வரும்

மே மாதம் வந்துவிட்டால் நீச்சல் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "மகளுக்கு ஐந்து வயது. நீச்சல் வகுப்பில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. இடுப்பளவு தண்ணீரில் நன்றாக விளையாடுகிறாள். மல்லாக்கப் படுக்க வைத்தால் மட்டும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுகிறாள். இவள் உடம்பு மிதக்காத உடம்பு என்கிறார் பயிற்சியாளர். அப்படி ஒன்று உண்டா?"

ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்து அப்படிச் சொல்வதில் எனக்குச் சம்மதமே இல்லை. அவள் பயப்படுவதற்கும் மிதக்காததற்கும் ஒரே காரணம்தான், அது அவள் கழுத்தில் இருக்கிறது.

ஆர்க்கிமிடீஸ் விதி பள்ளியில் படித்ததுதான். உடம்பு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு மேலே தள்ளப்படும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இது போதும், ஒரு கணக்குப் போடலாம்.

குழந்தையின் எடை 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எலும்பும் சதையும் தண்ணீரை விடக் கொஞ்சம் கனம், கொழுப்பு லேசு. இவற்றை எல்லாம் சேர்த்தால் நுரையீரல் காற்று இல்லாத உடம்பு 17 லிட்டரை ஒட்டி வரும். மூச்சை நிறைய இழுத்தால் நுரையீரலில் ஒன்றரை லிட்டர் காற்று சேரும். ஆக மொத்தம் பதினெட்டரை லிட்டர். அதாவது 18 கிலோ எடையைப் பதினெட்டரை கிலோ விசை மேலே தள்ளுகிறது. அவள் கையில் இருக்கும் மிச்சம் வெறும் அரை கிலோ!

அந்த அரை கிலோவை எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான் விஷயமே.

ஐந்து வயதுக் குழந்தையின் தலை ஏறக்குறைய மூன்று கிலோ இருக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்வரை தண்ணீர் அதைச் சுமக்கிறது. பயத்தில் தலையை முழுசாக வெளியே தூக்கினால் அந்த மூன்று கிலோவையும் கழுத்துக்குக் கீழே இருக்கும் உடம்பு சுமக்க வேண்டும். மிச்சமோ அரை கிலோ. உடம்பு கீழே போகத்தான் செய்யும். உதவிக்கு இரண்டு கையையும் மேலே தூக்கினால் இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோ கூடுகிறது. அலறினால் நுரையீரல் காலியாகி இருந்த அரை கிலோவும் போய்விடுகிறது. தண்ணீரில் பயப்படாதே என்று பெரியவர்கள் சொன்னது வெறும் தைரியம் சொல்வதற்காக அல்ல, அதில் லிட்டர் கணக்கே இருக்கிறது.

இப்போது மல்லாக்கப் படுத்து, பின்னந்தலையும் இரண்டு காதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். வெளியே தெரிவது நெற்றி, மூக்கு, வாய், கொஞ்சம் கன்னம். அதன் கனம் சுமார் அரை கிலோதான். கையிருப்பு அதற்குச் சரியாகப் போதும், மூச்சு விடும் வழி தண்ணீருக்கு மேலேயே நிற்கும். இந்தக் கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கால் மூழ்குவதும் இதோடு சேர்ந்ததுதான். காற்று முழுக்க நெஞ்சில் இருக்கிறது, கனமான எலும்பும் சதையும் இடுப்புக்குக் கீழே. அதனால் தண்ணீர் நெஞ்சுப் பக்கம் மேலே தள்ளும், பூமி கால் பக்கம் கீழே இழுக்கும், உடம்பு நட்டுக்குத்தலாக நின்றுவிடும். கடப்பாரை நீச்சல் என்பார்களே, அதுதான். இதைச் சரிசெய்யக் காலை உதைக்க வேண்டியதில்லை. பூங்காவில் இருக்கும் சீசாப் பலகை மாதிரி, மறுமுனையில் கனம் சேர்த்தால் போதும். தலையைப் பின்னால் சாய்த்துக் கைகளைத் தண்ணீருக்குள்ளேயே தலைக்கு மேல் நீட்டினால் கனம் அந்தப் பக்கம் நகர்கிறது, இடுப்பு தானாக மேலே வருகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் இன்னும் நல்லது.

நான் நீச்சல் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். மாமா காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை முதுகில் வைத்து, இடுப்போடு சேர்த்துப் பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுவார். வாயைத் தக்கை வைத்து அடைத்த குடுக்கை, கட்டிக்கொண்டு நடந்தால் உள்ளே உலர்ந்த விதைகள் கலகலக்கும். பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது: மூன்று லிட்டர் கொள்ளும் அந்தக் குடுக்கை கிட்டத்தட்ட மூன்று கிலோவைத் தூக்கும், அது என் தலையின் கனத்துக்குச் சமம். நான் தலையைத் தூக்கிக்கொண்டு கையையும் காலையும் அடிக்க, தலைக்கான பாரத்தைக் குடுக்கை ஏற்றுக்கொண்டது. முதுகில் கட்டியதால் இடுப்பும் தாழவில்லை. இன்று கடையில் வாங்கிக் கையில் மாட்டிவிடும் காற்றுப் பட்டைகள் தோளை மட்டும் தூக்கிக் குழந்தையை நட்டுக்குத்தலாக நிறுத்துகின்றன, மூழ்கும்போது உடம்பு நிற்கும் அதே நிலையில். அந்த நிலை குழந்தைக்குப் பழகிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் குடுக்கை முன்னால் போகத்தான் கற்றுக்கொடுக்கும், குப்புறத்தான் கிடத்தும். அதனால் அதை அவிழ்த்த அன்றே மாமா என் பின்னந்தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "வானத்தப் பாருடா, காது ரெண்டும் நனையட்டும்" என்றார்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மூழ்குகிற குழந்தை கூப்பிடாது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தவர். அவர் கண்டது இதுதான்: வாய் தண்ணீருக்கு மேலே வரும் சில நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அசைத்துக் கூப்பிட முடியாது. 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடும். அதனால் குழந்தை எவ்வளவு நன்றாக மிதந்தாலும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். தவழ்கிற, நடை பழகுகிற வயதில் வீட்டிலுள்ள பக்கெட் தண்ணீரே ஆபத்து. தலை கனம் அதிகம் என்பதால் எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழுந்துவிடும், தானாக எழ முடியாது.

"இந்தக் குளம் வருஷத்துக்கு ஒரு காவு வாங்கும்" என்று எத்தனை ஊரில் கேட்டிருப்போம். மணல் அள்ளிய குழியில் இரண்டடித் தண்ணீர் திடீரென்று பன்னிரண்டடி ஆகிறது, காவு என்று சொன்னதும் அந்தக் குழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இன்னொன்று, ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்ப்பது. ஜாதகத்தை நம்புகிறவர்களிடமும் நான் சொல்வது இதுதான்: அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் மிதக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார்கள். நீச்சல் தெரியாத சின்னஞ்சிறுசுகளைக் காலை நேரத்தில் பார்த்துக்கொள்ளக் காப்பகங்களும் நடத்துகிறார்கள். மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்ததை ஆய்வு செய்தும் காட்டியிருக்கிறார்கள். மூங்கிலும் கயிறும் நம்மிடமும் இருக்கின்றன, குளங்களும் இருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்கள் இதற்குக் கொஞ்சம் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால் என்ன?

சரி, வாசகியின் மகளுக்கு வருவோம். முதலில் குளியலறையிலேயே தொடங்குங்கள். "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். முனகும்போது மூக்கு வழியே காற்று வெளியே வந்துகொண்டிருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறாது, அந்தக் காந்தல் இருக்காது. அது பழகியதும் குளத்தில் நீங்களும் கழுத்தளவுக்கு இறங்கி, அவள் தலையை உங்கள் தோளில் சாய்த்து, கன்னத்தோடு கன்னம் வைத்துப் பின்னால் நடங்கள். அப்புறம் தோளுக்குப் பதில் உள்ளங்கை, பிறகு இரண்டு விரல். அவசரம் வேண்டாம்.

காது முங்கும்போது வெளிச் சத்தம் சட்டென்று அடங்கும், பல குழந்தைகள் பயப்படுவது அந்தக் கணத்துக்குத்தான். எங்கள் கிணற்றில் காது முங்கியதும் பம்புசெட் மோட்டார் என் தலைக்குள்ளேயே ஓடுவது போல இருந்தது, தண்ணீரில் ஒலி காற்றை விட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். உங்கள் மகளுக்கு அங்கே என்ன கேட்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சொல்வதற்காகவாவது இன்னொரு தரம் காதை நனைப்பாள்.