ரத்தம் ஏன் புளிப்பதில்லை?

சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் திருகை இடது கையால் லேசாகத் திறந்துவிட்டு, வலது கையால் கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருப்போம். குடுவையில் 20 மில்லி அசிட்டிக் அமிலம், இரண்டு சொட்டு பினாப்தலீன், காரம் மிஞ்சினால் ரோஸ் நிறமாகிற நிறங்காட்டி. மேலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் இறங்கும். விழுகிற இடத்தில் ஒரு கீற்று ரோஸ் நிறம் தோன்றும், ஒரு சுழற்று சுழற்றினால் மறைந்துவிடும். 19 மில்லி தாண்டியும் இதே கதைதான். அப்புறம் ஒரே ஒரு சொட்டு, குடுவை முழுக்க ரோஸ். பி.எஸ்சி. வேதியியல் படித்த யாருக்கும் அந்தச் சொட்டு மறக்காது.

நானும் அந்தச் சொட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால், ஒன்றுமே நடக்காததுபோல் கழிகிற அந்த 19 மில்லியில்தான் நம் ரத்தத்தின் வேதியியல் இருக்கிறது என்பது, மூன்றாம் ஆண்டில் உயிர்வேதியியல் தாள் படித்தபோதுதான் உறைத்தது.

அதே சோதனையை பிஎச் மீட்டர் வைத்துச் செய்து பாருங்கள். பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவுகோல்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இரண்டு கரைசலும் ஒரே செறிவு, 0.1 மோலார் என்றால், 2 மில்லி காரம் விட்டதும் மீட்டர் 3.8 காட்டும். 10 மில்லியில் 4.76. 18 மில்லியில் 5.7. நடுவில் 16 மில்லி காரத்தைக் கொட்டியும் பிஎச் இரண்டு அலகுகூட ஏறவில்லை. ஆனால் 19.9-லிருந்து 20.1-க்குப் போகும்போது, அதாவது நான்கே சொட்டில், 7-லிருந்து 10-ஐத் தாண்டிக் குதித்துவிடும்.

ஏன் அப்படி? பாதி வழியில் குடுவைக்குள் அசிட்டிக் அமிலமும் அசிட்டேட் அயனியும் சரிபாதியாக இருக்கின்றன. காரம் வந்தால் அமிலம் தன் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அதை அடக்குகிறது. அமிலம் வந்தால் அசிட்டேட் அதை வாங்கிக்கொள்கிறது. இதுதான் தாங்கல் கரைசல். இரண்டும் சம அளவில் இருக்கும்போது காட்டுகிற பிஎச்தான் அந்த அமிலத்தின் பிகேஏ. ஒரு லிட்டர் தூய தண்ணீரில் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு மில்லி விட்டால் பிஎச் 7-லிருந்து 3-க்கு விழும். அமிலமும் அசிட்டேட்டும் தலா 0.1 மோலார் உள்ள ஒரு லிட்டர் தாங்கல் கரைசலில் அதையே விட்டால் 4.76 என்பது 4.75 ஆகும், அவ்வளவுதான்.

பிஎச் என்ற அளவுகோலே உயிர்வேதியியலில் பிறந்ததுதான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், 1909-இல் அதை உருவாக்கினார். ஹைட்ரஜன் அயனி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நொதிகளின் வேகம் மாறிவிடுகிறது. அந்த நுண்ணிய அளவுகளைக் கையாள அவருக்கு மடக்கை (லாகரிதம்) தேவைப்பட்டது.

சரி, ரத்தத்துக்கு வருவோம். அதன் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே இருக்க வேண்டும். அங்கே முக்கியமான தாங்கல், கரைந்த கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் சேர்ந்த ஜோடி. அதன் பிகேஏ 6.1. இங்கேதான் வேதியியல் மாணவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். பிகேஏவுக்கு மேலும் கீழும் ஒரு அலகு வரைதான் தாங்கல் நன்றாக வேலை செய்யும் என்று படித்திருக்கிறோம். 7.4 அந்த எல்லைக்கு வெளியே அல்லவா இருக்கிறது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல் பைகார்பனேட், 1.2 மில்லிமோல் கரைந்த கார்பன் டை ஆக்சைடு. இருபதுக்கு ஒன்று. தாங்கலின் பிஎச் என்பது பிகேஏவோடு இந்த விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் வருவது. இருபதின் மடக்கை 1.3, அதை 6.1-உடன் கூட்டினால் 7.4. இப்போது 10 மில்லிமோல் அமிலம் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பைகார்பனேட் அதை வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மாறும், 14 ஆகக் குறையும். மூடிய குடுவையாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு 11.2 ஆக ஏறும், பிஎச் 6.2-க்குச் சரியும். உயிர் தங்காது.

ஆனால் நம் உடல் மூடிய குடுவை இல்லை. உருவான கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது. அது 1.2-லேயே நின்றால் பிஎச் 7.17. மூச்சு இன்னும் வேகமாகி 0.8-க்கு இறங்கினால் 7.34, கிட்டத்தட்ட பழைய இடம். ஹீமோகுளோபின் போன்ற புரதங்களும் தாங்குகின்றன, அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. குடுவைக்குப் பொருந்திய விதி ரத்தத்துக்கும் பொருந்துகிறது, குடுவையின் வாய் மட்டும் திறந்திருக்கிறது. எனக்கு இளங்கலையில் இதைவிட அழகான கணக்கு கிடைக்கவில்லை. வேதியியலை ஒரு பருவத்திலும் உயிர்வேதியியலை இன்னொன்றிலும் தனித்தனியாகப் படித்துத் தேர்வு எழுதிவிட்டுப் போகிற மாணவருக்கு இது கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

இன்சுலின் இல்லாமல் சர்க்கரை நோய் முற்றியவர்களின் ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகும். அப்போது அவர்கள் ஆழமாக, வேகமாக, நிறுத்தாமல் மூச்சு விடுவார்கள். அருகில் இருப்பவர்கள் நெஞ்சில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவதுண்டு. நுரையீரலில் கோளாறே இருக்காது. குறைந்துபோன பைகார்பனேட்டுக்கு ஈடாக அது கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துக்கொண்டிருக்கும், அந்த இருபதுக்கு ஒன்றைக் காப்பாற்ற. குறைந்த பைகார்பனேட்டை மறுபடி சேர்ப்பது சிறுநீரகத்தின் வேலை. அதற்கு நாள் கணக்கில் ஆகும்.