ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடு: பைக் அப்பா பெயரில், ஓட்டுவது மகன்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவரின் மகனுக்கு வயது 22. புது ஸ்போர்ட்ஸ் பைக் வீட்டுக்கு வந்த பதினோராவது நாள், கோடை மழை விட்ட மாலை, மேம்பாலத்தில் ஏறும் வளைவில் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. எதிரே வண்டி இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. சாலையோரத் தடுப்பில் மோதியவன் மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனான். புது டயரின் ஓரங்களில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் மயிர்கள், அவை அந்தப் பின்டயரில் அப்போதும் உதிராமல் இருந்தன.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா பாலிசியை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். “பதினைந்து லட்சம் இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் விலை என்று ஷோரூமில் சொன்னார்கள் சார்” என்றார். உண்மைதான். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு என்ற வரிக்கு எதிரே பிரீமியம் அச்சாகியிருந்தது. ஆனால் ஆர்.சி. புத்தகமும் பாலிசியும் அவர் பெயரில் இருந்தன. இறந்தவர் பதிவு பெற்ற உரிமையாளர் அல்லர் என்று இரண்டு வரியில் கடிதம் வந்துவிட்டது. அப்பாவுக்கோ ஓட்டுநர் உரிமமே கிடையாது. சைக்கிளைத் தவிர வேறு எதையும் அவர் ஓட்டியதில்லை. ஆக, அந்தப் பணம் வீட்டில் ஒருவரையும் காக்கவில்லை. வாங்கிய அன்றைக்கே காக்கவில்லை.

இந்தக் காப்பைப் பேச்சுவழக்கில் பி.ஏ. கவர் என்பார்கள். முன்பு இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய்தான் இருந்தது. அது மிகக் குறைவு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னதை அடுத்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் அதை 15 லட்சமாக உயர்த்தியது. வரலாறு இவ்வளவு போதும். யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதுதான் உயிர்நாடியான கேள்வி.

பாலிசி மூன்று நிபந்தனைகளை ஒருசேரக் கேட்கிறது. ஓட்டியவர் ஆர்.சி.யில் உரிமையாளராக இருக்க வேண்டும். அவரே பாலிசியில் காப்பீடு பெற்றவராகவும் இருக்க வேண்டும். விபத்து நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஒரு ரூபாய்கூட வராது.

நம் ஊர்களில் இந்த வகை பைக்குகளை ஓட்டுபவர்களில் பலர் மாணவர்கள், அல்லது இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சம்பளச் சீட்டு இல்லாததால் பையன் பெயரில் கடன் கிடைக்காது. “அப்பா பெயரில் போட்டுக்கொள்ளுங்கள், ஒரே நாளில் கடன் வந்துவிடும்” என்பார் விற்பனைப் பிரதிநிதி. அந்த ஒரு வாக்கியத்தில் மகனுக்கான 15 லட்சம் போய்விடுகிறது. அதை அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை. உரிமம் இல்லாத உரிமையாளருக்கு இந்தக் காப்பைத் தரவே கூடாது என்று விதி இருந்தும், உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று அந்தத் தையல்காரரை ஒருவரும் கேட்கவில்லை. பிரீமியத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்கு இருக்கிறதே, அதிலிருந்து கிடைக்காதா என்று கேட்பார்கள். கிடைக்காது. அது நம் வண்டியால் பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்கானது. வேறு வண்டியே சம்பந்தப்படாமல் தானாக வழுக்கி விழுந்தவருக்கு அதில் இடமில்லை. அப்பாவின் வண்டியை மகன் ஓட்டினால், மகன் அப்பாவின் இடத்தில் நிற்பதாகவே சட்டம் பார்க்கிறது. உச்ச நீதிமன்றம் 2009இலும் 2020இலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. “ஏதாவது வாங்கித் தருகிறேன்” என்று வருபவர்களிடம் முன்பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

தானாக வழுக்கி விழுவது புது ஸ்போர்ட்ஸ் பைக்கில் அரிதான சம்பவம் அல்ல. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் ஓடி அந்தத் தோல் தேயும்வரை பிடிமானம் முழுதாக வராது. நேராக மட்டுமே ஓட்டினால் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், ஓரங்கள் புதிதாகவே இருக்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரையில் படுவது அந்த ஓரம்தான். பல நாள் மழையில்லாமல் கிடந்த சாலையில் முதல் மழை விழுந்தால் எண்ணெயும் தூசியும் கலந்து சோப்பு போட்ட தரைபோல ஆகிவிடும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் ஈரத்தில் அப்படித்தான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும், அவ்வளவே. சாய்ந்த வண்டிக்கு இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்கித் தராது. முதல் இரண்டு வாரம் மெதுவாக ஓட்டு, வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழகு என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள்.

இனி, வண்டி இன்னும் வாங்கவில்லை என்றால் பதிவையும் பாலிசியையும் ஓட்டப்போகிறவர் பெயரிலேயே போடுங்கள். அப்பா கடனில் சக விண்ணப்பதாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட முடியுமா என்று கேளுங்கள். ஒரு நிதி நிறுவனம் மறுத்தால் இன்னொன்றிடம் போங்கள். ஒரு வாரம் தாமதமாகும், பரவாயில்லை.

ஏற்கெனவே அப்பா பெயரில் இருக்கிறதா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றலாம். ஆனால் கடன் ஓடிக்கொண்டிருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், அதை எளிதில் தர மாட்டார்கள். நிறுவனக் கிளைக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் நடந்து செருப்புத் தேய்வதைவிட உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுத்துவிடுங்கள். யாருடைய வண்டியை அவன் ஓட்டினாலும், பின்னால் உட்கார்ந்து போனாலும் அது அவனுக்கானது. இருசக்கர வண்டி ஓட்டுவதற்கு அதில் விலக்கு எதுவும் இல்லை என்பதை மட்டும் படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். இதோடு வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டமும் இருக்கட்டும். ஜூன் 1 முதல் மே 31 வரை அதன் காலம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்த 20 ரூபாய் பிடிக்கப்படாமல் காப்பு அறுந்துவிடும். அறுந்தது யாருக்கும் தெரியாமலே ஆண்டுகள் போகும்.

எல்லாம் ஓட்டுபவர் பெயரிலேயே இருந்தாலும் பாலிசியைத் திறந்து பாருங்கள். மூன்றாம் நபர் காப்பு ஐந்து வருடம் என்பதால் எல்லாமே ஐந்து வருடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி.ஏ. கவர் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடப்பட்டிருக்கும். அதன் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தனியாக அச்சாகியிருக்கும், அதைப் படியுங்கள். இணையத்தில் புதுப்பிக்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. ‘எனக்கு வேறு விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உள்ளது’ என்ற கட்டத்தில் குறியிட்டால் சில நூறு ரூபாய் குறையும். உண்மையிலேயே 15 லட்சத்துக்கு வேறு பாலிசி வைத்திருப்பவருக்கான கட்டம் அது. விலை குறைவாகத் தெரியட்டும் என்று விற்பவரே குறியிட்டுவிடுவதும் நடக்கிறது. அந்த வரிக்கு எதிரே பூஜ்யம் இருந்தால் காப்பு இல்லை என்று பொருள். நியமனதாரர் (நாமினி) பெயர் காலியாக இருந்தாலும் உடனே எழுதிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு தாய் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

உரிமத்தில் வண்டி வகையைப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தோடு கியர் பைக் ஓட்டினால் அது செல்லுபடியாகும் உரிமம் ஆகாது. எல்.எல்.ஆர். மட்டும் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டுவதும் மறுப்பதற்கு வழி திறந்துவிடும். குடித்திருந்தால் கிடையாது. பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசிக்கு வெளியே. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள், சாலைக்கான பாலிசி அங்கே செல்லாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இந்தப் பணம் எதற்கு வரும் என்பதிலும் ஏமாற்றம் உண்டு. மரணம், நிரந்தர முழு ஊனம், இரண்டு கை கால்கள் அல்லது இரு கண் பார்வை இழப்பு ஆகியவற்றுக்கு முழுத் தொகை. ஒரு கை அல்லது கால் அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி. கால் எலும்பு முறிந்து கம்பி வைத்து ஆறு மாதம் படுத்தாலும் ஒன்றும் இல்லை. மருத்துவச் செலவுக்கான காப்பு இது அல்ல. தமிழ்நாட்டுக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

விபத்து நடந்த இரவில்தான் பல கோரிக்கைகள் கெட்டுப்போகின்றன. அவசரப் பிரிவில் ஏ.ஆர். என்று ஒரு பதிவேடு எழுதுவார்கள். யார் ஓட்டியது, எப்படி விழுந்தது, கூட்டிவந்தவர் யார், வாயில் மது வாசனை இருந்ததா என்று அதில் இருக்கும். பதறிப்போய் வந்த நண்பன் வாய்க்கு வந்ததைச் சொல்வான், பணியில் இருப்பவர் அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு எஃப்.ஐ.ஆரில் வேறு மாதிரி இருந்தால், முதலில் அந்த முரண்பாட்டைத்தான் காப்பீட்டு விசாரணையாளர் பிடிப்பார். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரை மட்டும் பேசவிடுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். உரிமையாளர்தான் ஓட்டினார் என்று மாற்றிச் சொல்லலாம் என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மோசடி. அந்தக் குடும்பத்தின் மீதே திரும்பும்.

“தானாக விழுந்ததற்கு எஃப்.ஐ.ஆர். எதற்கு, இறந்த பையன் மீதே வழக்கு வரும்” என்று காவல் நிலையத்தில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்களும் ஆமோதிப்பார்கள். திரும்பி வராதீர்கள். இறந்தவர் மீது பதிவானாலும் அந்த வழக்கு அத்தோடு முடிந்துவிடும். எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் 15 லட்சம் கேட்டு நிற்பதுதான் கடினம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்புங்கள். தாமதமாகத் தெரிவித்துவிட்டீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கையை இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று 2011இலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

டயர் தேய்ந்திருந்தது என்றும் ஒரு காரணம் வரும். இருசக்கர வண்டி டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. டயர் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையில், வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று இதை வைத்து வாதிட அவர்களுக்கு இடம் உண்டு. டயர் மட்டும் கெட்டால் காசு வராது. வண்டியும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதிதான். ஆனால் பி.ஏ. கவரின் விலக்குப் பட்டியலில் தேய்ந்த டயர் இல்லை. அதைச் சொல்லி மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள், எண்ணைக் குறிப்பிட்டு எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். வாய்மொழி மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது. “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்” என்று கவுன்டரில் சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தைக் கடத்திவிடுவார்கள்.

எழுத்தில் மறுப்பு வந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 என்ற எண்ணில் ஆணையத்திடமும் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி, அதற்கு இரண்டு வருடக் கெடு. அங்கே கட்டணத்தைக் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் 15 லட்சத்தை வைத்து அல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்து. ஆகவே கட்டணம் எதுவும் இல்லாமல், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார் என்பதால் அவரிடம் முதலில் போவது நல்லது. மறுப்புக் கடிதம் வந்த தபால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். கெடுவை எண்ணத் தொடங்கும் நாளுக்கு அதன் மேலுள்ள முத்திரைத் தேதிதான் சாட்சி.